அரைப் பேர்

கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்:
ஓய்வுபெற்ற நீதிபதி, மண்ணியல் பேராசிரியர்,
முழங்கால் வலியோடு ஒரு பழைய தீயணைப்பு அதிகாரி.
பொலிஸையும் சாராமல் துரைமாரையும் சாராமல்
நடந்ததை ஆராய்வது அவர்கள் வேலை.
அவர்களுக்குத் தமிழ் வராது.
பண்டாரவளையிலிருந்து என்னைக் கூட்டிவந்தது அதற்காக.

சோலங்கந்தைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில்
தொட்டில் சீலைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு
மேசை போட்டிருந்தார்கள்.
சன்னலுக்கு நேரே ஏழாம் நம்பர் மலை,
நடுவில் உரித்த மாதிரிச் சிவப்பாக.

முதலில் தவமலர்.
எத்தனை மணிக்கு அழைத்தீர்கள்?
"ரெண்டாவது கொழுந்து நிறுத்து முடிஞ்சு
சாக்கை உதறிக்கிட்டிருந்தப்ப."
ஏறத்தாழ இரண்டு மணி, என்றேன் நான்.
தொலைபேசிக் கம்பனியின் தாளில் ஒன்று ஐம்பத்தெட்டு.

ஒலிப்பதிவைப் போட்டார்கள்.
மலை வருது சேர். மலை வருது.
மறுமுனையில் இளங்குரல், பொறுமையான குரல்தான்:
என்ன, எங்கே, மெதுவாகச் சொல்லுங்கள்.
எல்லாம் சிங்களத்தில்.
மலை சேர், மலை.
பதிவேட்டில் அவன் எழுதியிருந்தான்:
"பூவைப் பற்றி ஏதோ. தெளிவில்லை."
மல என்றால் அவர்களுக்குப் பூ.

நாலு நிமிஷம் பதினொரு வினாடி.
அன்றைக்கு அந்நேரம் நான்
யாருடையதோ காணி உறுதியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்,
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய்.

அவளுக்குச் சிங்களம் தெரியாதென்றில்லை.
கடைச் சிங்களம்:
சீனி, கருவாடு, அடுத்த சம்பளத்துக்குத் தருகிறேன்.
மலை பெயர்வதைக் கடையில் விற்பதில்லை.

முந்தின நாளே எச்சரித்தோம் என்றார் அதிகாரி அபேரத்ன.
உண்மைதான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ
மூன்று சுற்று வந்திருக்கிறது.
நாய யனவா, நாய யனவா.
மண் சரியப்போகிறது என்று அதற்கு அர்த்தம்.
லயத்துப் பிள்ளைகளுக்கு நாய் மட்டும் கேட்டது.
விசர்நாய் பிடிக்க வருகிறார்களாக்கும் என்று
கறுப்பனைக் காம்பராவுக்குள் கட்டிப்போட்டார்கள்.
விடிந்ததும் பெரியவர்கள் மலைக்குப் போனார்கள்.

மீட்பு வாகனம் ஐந்து இருபதுக்கு வந்து
கீழ்ப்பாலத்தில் நின்றது.
கொழுந்து லொறிக்கு அளவெடுத்துக் கட்டிய பாலம்.
அதுவரை எதனால் தோண்டினீர்கள்?
"முள்ளால, சேர்."
தீயணைப்பு அதிகாரிக்கு விளங்கவில்லை.
மூலையில் சாத்தியிருந்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள்.
நாலு பல். ஒன்று வளைந்திருந்தது.
அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியாகக் கணக்கப்பிள்ளை வேதராசன்,
கக்கத்தில் செக்ரோல்.
மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர்?
விரல் வைத்துப் படித்தார்: "நாலரைப் பேர்."
நீதிபதி என் பக்கம் திரும்பினார்,
பிழை என்னுடையது என்று நினைத்து.

விளக்கினேன்.
இங்கே பேர் என்றால் ஆள் மட்டும் அல்ல, ஒருநாள் கூலி.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
மூன்றாம் நிறுவைக்கு
அந்த ஒன்பது பேரும் வரவில்லை.

பேராசிரியர் பேனாவை மூடினார்.
வேதராசன் செக்ரோலை மூடவில்லை.
"நான் போடலீங்க, சட்டம் அப்படி" என்றார்
கேட்காத கேள்விக்கு.

அறிக்கை இருநூற்றுப் பதினாறு பக்கம்.
நாலரை அதில் இல்லை.
ஒன்பது என்று திருத்தியிருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான்.
பரிந்துரை முப்பத்தொன்று:
அழைப்பு நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒருவர்,
வளங்கள் அனுமதிக்கும் பட்சத்தில்.
தமிழ்ப் பிரதி பின்னர் வெளிவரும்.

பொறுக்க மாட்டாமல் பஸ் ஏறிப் போய்
வாசித்துச் சொன்னேன்.
பூ வந்த இடத்தில் தவமலர் நிறுத்தச் சொன்னாள்.
"அந்தப் பையனுக்கு என்ன வயசு?"
இருபத்திரண்டு.
கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு கலண்டரில் போன மாதத்தைக் கிழித்து நீட்டினாள்:
"அவங்க சொல்ற சொல்லை எழுதிக் குடுங்க.
தமிழ் எழுத்துல."

எழுதினேன்.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.
இரண்டாம் தரமே சரியாக இருந்தது.